உருகிப் போகும் தடயம்

சிறு விமானம் ஒன்று பறந்துகொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுபோய், ஒரு வயலில் இறங்கிக் கிடக்கிறது. விசாரணையாளர்கள் வந்து பார்க்கிறார்கள். டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. அதில் தண்ணீர் கலக்கவில்லை. வடிகட்டியில் அடைப்பு இல்லை. ஸ்பார்க் பிளக்குகள் நல்ல நிறத்தில் இருக்கின்றன. மேக்னெட்டோ சரியாகப் பொறி தருகிறது. இன்ஜினைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சோதனை மேடையில் பூட்டி முடுக்கினால், எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. கடைசியில் பக்கத்து வானிலை நிலையத்தின் பதிவை எடுத்துப் பார்க்கிறார்கள். வெப்பநிலை 19 டிகிரி செல்சியஸ், பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 16 டிகிரி. அது ஒன்றுதான் துப்பு. கார்ப்பரேட்டருக்குள் பனிக்கட்டி உறைந்து காற்றின் வழியை அடைத்திருக்க வேண்டும் என்று ஊகித்து அறிக்கையை முடிக்கிறார்கள்.

சிறு விமான விபத்து அறிக்கைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த வரிசை அத்துப்படி. இன்ஜினை நிறுத்திய பனிக்கட்டி, ஆட்கள் வந்து சேர்வதற்குள் உருகி ஆவியாகிப் போயிருக்கும். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தரும் கணக்கின்படி, 2000 முதல் 2011 வரை சுமார் 250 விபத்துகளில் கார்ப்பரேட்டர் பனி நேரடிக் காரணமாகவோ துணைக் காரணமாகவோ இருந்திருக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு விபத்துகளில் உயிர்கள் போயின. இன்ஜின் நின்றதற்குக் காரணம் தெரியவில்லை என்று மூடப்பட்ட கோப்புகளிலும் இதே பனி ஒளிந்திருக்கக்கூடும்.

இத்தனைக்கும் இந்த ஆபத்துக்கு மருந்து உண்டு. கார்ப்பரேட்டர் கொண்ட விமானங்களில் விமானியின் கைக்கெட்டும் தூரத்திலேயே ஒரு குமிழோ நெம்புகோலோ இருக்கும். செஸ்னா 150 விமானத்தில் அது த்ராட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை இழுத்தால் இன்ஜினுக்குள் சூடான காற்று போகும், பனி உருகும். இவ்வளவு எளிய மருந்து கையருகில் இருந்தும் ஆண்டுதோறும் விமானங்கள் ஏன் விழுகின்றன? இதற்கு விடை காண கார்ப்பரேட்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கார்ப்பரேட்டர் நமக்குப் புதிதல்ல. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதிகள் வரும்வரை நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் அதுதான் இருந்தது. இன்ஜின் இழுக்கும் காற்று, நடுவில் இடுப்பு சிறுத்த ஒரு குழாய் வழியாகப் போகிறது. வென்சுரி எனப்படும் அந்தக் குறுகலில் காற்றின் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி பெட்ரோல் ஒரு நுண்துளை வழியே பீறிட்டு வந்து, காற்றோடு கலந்து ஆவியாகிறது. குறுகலைத் தாண்டியதும் ஒரு வட்டத் தகடு குறுக்கே நிற்கும். அதுதான் த்ராட்டில் வால்வு. விமானி த்ராட்டிலை அசைத்தால் இந்தத் தகடு திரும்பி, எவ்வளவு கலவை உள்ளே போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.

இந்தச் சின்னப் பாதையில் காற்று இரண்டு விதமாகக் குளிர்கிறது. வேகம் கூடி அழுத்தம் குறைவதால் சில டிகிரி குறையும். அது சிறிய பங்கு. பெரிய பங்கு பெட்ரோல் ஆவியாவதில் இருக்கிறது. பைக் மெக்கானிக் பெட்ரோலில் கையைக் கழுவிவிட்டு உதறும்போது விரல்கள் சில்லிட்டுப்போகுமே, அதே குளிர்ச்சிதான். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக ஏறக்குறைய 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 13 கிலோ காற்று என்ற விகிதத்தில் இன்ஜின் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கிலோ காற்றும் 27 கிலோஜூலைப் பறிகொடுக்க வேண்டும். ஒரு கிலோ காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி இறங்க ஒரு கிலோஜூல் போனால் போதும். ஆக, எல்லா பெட்ரோலும் ஆவியானால் வெப்பநிலை சுமார் 27 டிகிரி சரியும். நடைமுறையில் கார்ப்பரேட்டருக்குள் 20 முதல் 30 டிகிரி வரை குறைவது சாதாரணம். சில நேரம் அதைவிடவும் குறையும். வெளியே 25 டிகிரி இதமான காற்று. நான்கு விரல் நீளம் உள்ளே போவதற்குள் உறைநிலை வந்துவிடுகிறது.

குளிர்ச்சி மட்டும் இருந்தால் பனி வராது, தண்ணீரும் வேண்டும். அது காற்றிலேயே இருக்கிறது. 25 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 18 கிராம் நீராவி இருக்கும். அதே காற்றைப் பூச்சிய டிகிரிக்குக் குளிர்வித்தால் அதனால் 5 கிராமுக்குக் குறைவாகவே நீராவியைத் தாங்க முடியும். மிச்சமுள்ள 13 கிராம் வெளியேறியாக வேண்டும். செஸ்னா 150 போன்ற பயிற்சி விமானத்தின் 3.3 லிட்டர் இன்ஜின், நிதானமாகப் பறக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 கன மீட்டர் காற்றை இழுக்கும். அந்தக் கணக்கில் நிமிடத்துக்கு 40 கிராம் அளவுக்குத் தண்ணீர் பிரிய வாய்ப்பிருக்கிறது. அதில் பெரும்பகுதி காற்றோடு அடித்துக்கொண்டு போய்விடும். கொஞ்சம்தான் குளிர்ந்த உலோகத்தில் ஒட்டும். ஆனால் ஒட்டிய பனி வழியைக் குறுக்குகிறது. குறுகிய வழியில் காற்று இன்னும் வேகமாகப் பாய்கிறது, மேலும் குளிர்கிறது, மேலும் பனி ஒட்டுகிறது. சில நிமிடங்களில் இன்ஜினுக்கு மூச்சு முட்டிவிடும்.

விமானத்தின் இறக்கையில் பனி படிவதற்கு உறைநிலைக் குளிர் வேண்டும். அந்தப் பனி கண்ணுக்கும் தெரியும். கார்ப்பரேட்டர் பனி அப்படியல்ல. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கையேடு, 21 டிகிரிக்குக் கீழும் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலும் இருக்கும்போது ஆபத்து மிக அதிகம் என்கிறது. அதே கையேடு, 38 டிகிரி வெயிலிலும் 50 சதவீத ஈரப்பதத்திலும்கூடப் பனி உறையலாம் என்று எச்சரிக்கிறது. கடுங்குளிர் நாட்டின் உறைந்த, வறண்ட காற்றில் உண்மையில் ஆபத்து குறைவு. அந்தக் காற்றில் உறைவதற்கு நீராவியே அதிகம் இருக்காது. வசந்த காலத்துக் காலைகள், மழை விட்ட மாலைகள், மேகத்தின் அடிவயிற்றை ஒட்டிய உயரம், ஈரப்புல் நிறைந்த ஓடுபாதை: விமானி நிம்மதியாக இருக்கும் சூழல்கள்தான் பனிக்கும் பிடித்தவை.

பயிற்சிப் பள்ளிகளின் சுவரில் ஒரு வரைபடம் தொங்குவதுண்டு. ஒரு பக்கம் வெப்பநிலை, இன்னொரு பக்கம் பனிநிலை. இரண்டும் சந்திக்கும் புள்ளி எந்தப் பட்டையில் விழுகிறது என்று பார்த்து ஆபத்தை அறியலாம். எல்லாத் திறனிலும் கடுமையான பனி என்று ஒரு பட்டை. சீராகப் பறக்கையில் மிதமாகவும் இறங்குகையில் கடுமையாகவும் பனி வரும் என்று அடுத்தது. இறங்கும்போது மட்டும் கடுமை என்னும் பட்டை 30 டிகிரியையும் தாண்டி நீள்கிறது. 23 டிகிரி வெப்பமும் 20 டிகிரி பனிநிலையும் உள்ள ஒரு டிசம்பர் காலையைச் சென்னை வாசகர்கள் நன்கறிவார்கள். கொசுவத்திப் புகை கலையாமல் நிற்குமே, அந்தக் காலை. அந்தப் புள்ளியும் அபாயப் பட்டைக்குள்தான் விழும்.

இறங்கும்போது ஏன் ஆபத்து கூடுகிறது? தரையிறங்க வேண்டுமானால் விமானி த்ராட்டிலைப் பின்னுக்கு இழுக்கிறார். வட்டத் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. விளிம்பில் நூலளவு இடைவெளிதான் மிச்சம். அந்த இடைவெளியில் காற்று சீறிப் பாய்வதால் அங்கே கூடுதலாகக் குளிர்கிறது. முழுத் த்ராட்டிலில் வழி அகலமாக இருக்கும்போது கொஞ்சம் பனி ஒட்டினால் பெரிதாகத் தெரியாது. நூலளவு இடைவெளியில் அதே பனி முழு அடைப்பு. அந்த நேரத்தில் இன்ஜின் எப்படியும் மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் அது தடுமாறுவது காதுக்கு எட்டாது. ஓடுபாதையை நெருங்கி, உயரம் சற்றுக் குறைந்துவிட்டதே என்று விமானி த்ராட்டிலை முன்னே தள்ளும்போதுதான் இன்ஜின் இல்லை என்பது தெரியும். அப்போது விமானம் மரங்களின் உயரத்தில் இருக்கும்.

1927இல் சார்லஸ் லிண்ட்பெர்க்குக்கு வாய்த்தது கொஞ்சம் நல்ல நேரம். உயரம் கையில் இருந்தது. அட்லாண்டிக்கைத் தனியாகக் கடப்பதற்கென்றே கட்டப்பட்ட 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' விமானத்தை அவர் மே 10ஆம் தேதி சான் டியேகோவிலிருந்து செயின்ட் லூயிஸ் நகருக்கு ஓட்டிப் போனார். இரவு, அரிசோனா மலைகளுக்கு மேலே குளிர்ந்த காற்றில், அதன் ரைட் வேர்ல்விண்ட் இன்ஜின் இருமத் தொடங்கியது. கீழே இறங்கத் தகுந்த சமதளம் இல்லை. நிலவொளியில் வட்டமடித்துக்கொண்டே இருந்தார். உயரம் குறையக் குறைய இன்ஜின் மெல்லத் தேறியது. அவர் மறுபடி மேலேறிப் பயணத்தைத் தொடர்ந்தார். கார்ப்பரேட்டரில் பனி என்பதே அவருடைய ஊகம். அந்த விமானத்தில் அதுவரை கார்ப்பரேட்டருக்குச் சூடேற்றும் ஏற்பாடு கிடையாது. நியூயார்க் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அதைப் பொருத்தச் செய்தார். மே 20ஆம் தேதி காலை ரூஸ்வெல்ட் ஃபீல்டிலிருந்து புறப்பட்டு, முப்பத்து மூன்றரை மணி நேரம் கழித்து பாரிஸில் இறங்கினார். மூடுபனியும் மேகமும் நிறைந்த வட அட்லாண்டிக்கை அந்தச் சூடேற்றி இல்லாமல் கடந்திருப்பாரா என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது நாம் அவருடைய தூக்கமின்மையையும் துணிவையும் பேசுகிறோம். அரிசோனா இருமலையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கார்ப்பரேட்டரின் குளிர்ச்சியை வெறும் தொல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களுக்கு உயிராக இருந்த மெர்லின் இன்ஜினில், ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர்கள் தெரிந்தேதான் கார்ப்பரேட்டரை வைத்துக்கொண்டார்கள். எதிரியான ஜெர்மானியர்கள் பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறைக்குப் போயிருந்தார்கள். பெட்ரோல் முன்கூட்டியே ஆவியானால் கலவை சுமார் 25 டிகிரி குளிர்ந்து அடர்த்தியாகும், அடர்ந்த கலவை அதிகத் திறன் தரும் என்பது ரோல்ஸ் ராய்ஸின் கணக்கு. பெரிய இன்ஜினுக்கு வலிமை தந்த அதே குளிர்ச்சிதான் சிறிய இன்ஜினுக்கு எமனாகிறது.

இனி மருந்துக்கு வருவோம். சைலன்சரைச் சுற்றி ஒரு தகர உறை மாட்டியிருப்பார்கள். குமிழை இழுத்ததும் ஒரு கதவு திரும்பி, வெளிக்காற்றை அடைத்துவிட்டு, சைலன்சரின் சூட்டைத் தொட்டு வரும் காற்றைக் கார்ப்பரேட்டருக்கு அனுப்புகிறது. இந்த ஏற்பாடு எவ்வளவு சூடு தர வேண்டும் என்பதற்கு விதியே இருந்தது. கடல்மட்டத் திறன் கொண்ட சாதாரண வென்சுரி இன்ஜின்களுக்கு, 75 சதவீதத் திறனில் ஓடும்போது காற்றின் வெப்பநிலையைச் சுமார் 50 டிகிரி உயர்த்த வேண்டும் என்றது அமெரிக்க விதி. 30 டிகிரி குளிர்ச்சியை விழுங்க அது தாராளமாகப் போதும்.

அந்த விதியில் உள்ள '75 சதவீதத் திறனில்' என்ற சொற்களில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. சூடு எங்கிருந்து வருகிறது? இன்ஜினின் புகையிலிருந்து. இன்ஜின் முழுமூச்சாக ஓடும்போது சைலன்சர் பழுக்கிறது. த்ராட்டிலை இழுத்துவிட்டு மிதந்து இறங்கும்போது அது ஆறிவிடுகிறது. பனி அடைத்து இன்ஜின் நின்றே போய்விட்டால், குமிழை எவ்வளவு இழுத்தாலும் கிடைப்பது பச்சைக் காற்றுதான். நோய் முற்றிய பிறகு இந்த மருந்து வேலை செய்யாது. அதனால்தான் அனுபவமுள்ள பயிற்றுநர்கள் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்கிறார்கள்: த்ராட்டிலைத் தொடுவதற்கு முன்பே சூட்டை இழு.

தொடக்க அறிகுறியும் ஏமாற்றக்கூடியதுதான். பயிற்சி விமானங்களின் ப்ரொப்பெல்லர் நிலையான கோணத்தில் பூட்டப்பட்டது. அதில் பனி சேரத் தொடங்கினால் ஆர்.பி.எம். முள் மெல்ல இறங்கும், 2400 இருந்தது 2350 ஆகும். விமானி அதைக் கண்டுகொள்ளாமல் த்ராட்டிலை ஒரு விரற்கடை முன்னே தள்ளுவார். முள் பழைய இடத்துக்கு வரும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி இறங்கும், மறுபடி தள்ளுவார். கை தன் பழக்கத்தில் செய்யும் இந்தச் சிறு திருத்தங்கள் பனியை மறைத்துவிடுகின்றன. கோணம் மாறும் ப்ரொப்பெல்லர் உள்ள விமானத்தில் ஆர்.பி.எம். அசையவே அசையாது. இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மேனிஃபோல்ட் அழுத்தமானியைப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

சந்தேகம் வந்து குமிழை இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பனி இல்லையென்றால் ஆர்.பி.எம். நூறு போலக் குறைந்து அங்கேயே நிற்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, கலவையில் பெட்ரோல் விகிதம் கூடிவிடுகிறது. பனி இருந்தால் நடப்பது வேறு. ஆர்.பி.எம். குறையும், பிறகு இன்னும் குறையும். இன்ஜின் உதறும், இருமும், விமானமே நடுங்கும். உருகிய தண்ணீர் சிலிண்டர்களுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அரை நிமிடமோ அதற்கு மேலோ இந்த நடுக்கம் நீடிக்கலாம். அது தாண்டியதும் ஆர்.பி.எம். சடசடவென ஏறும். குமிழைத் திரும்ப உள்ளே தள்ளினால் முன்பிருந்ததைவிட மேலே போய் நிற்கும். நடுக்கத்தின் போது பயந்துபோய் குமிழை உள்ளே தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. சூடு கொடுத்ததால்தான் இன்ஜின் கெட்டது என்று அந்தக் கணத்தில் தோன்றும். பாதி உருகிய பனி மறுபடி இறுகிவிடும். நலமாகும் முன் மோசமாகும் இந்த அரை நிமிடத்தைப் பாடமாகப் படித்தால் போதாது. பாதுகாப்பான உயரத்தில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது, மாணவர் அதை ஒரு முறையாவது காதால் கேட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் எப்போதும் சூட்டைப் போட்டே வைத்துவிடலாமே? முடியாது. திறன் 15 சதவீதம் வரை குறையக்கூடும். முழுத் திறனில் சூடான கலவை சிலிண்டருக்குள் தாறுமாறாக வெடிக்கத் தொடங்கி இன்ஜினைச் சிதைக்கலாம். சூடான காற்று வடிகட்டி வழியாக வருவதில்லை என்பதால், தரையில் ஓட்டும்போது புழுதியும் மணலும் நேரே உள்ளே போகும். திறன் குறைவதால், கடைசி நேரத்தில் தரையிறங்காமல் மறுபடி மேலேற முடிவெடுத்தால் முழுத் த்ராட்டிலோடு சூட்டுக் குமிழையும் உள்ளே தள்ளியாக வேண்டும். அதை மறந்ததால் மரங்களைத் தாண்ட முடியாமல் போனவர்களும் உண்டு.

எல்லா இன்ஜினும் ஒன்றுபோல் பனிக்கு ஆளாவதில்லை. செஸ்னா 172இன் பழைய மாடல்கள் பலவற்றில் உள்ள லைகமிங் இன்ஜினில், கார்ப்பரேட்டர் எண்ணெய்த் தொட்டியின் அடியில் பூட்டப்பட்டிருக்கும். கலவை போகும் குழாய்கள் சூடான எண்ணெய்க்கு ஊடாகவே செல்லும். ஓடும் இன்ஜினின் எண்ணெயே கொஞ்சம் காவல் காக்கிறது. செஸ்னா 150இல் உள்ள காண்டினென்டல் ஓ-200 இன்ஜினில் கார்ப்பரேட்டர் தனியாகத் தொங்குகிறது. அதனால் அதற்குப் பனி எளிதில் பிடிக்கும். இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் 1958இல் பறக்கவிட்ட புஷ்பக் விமானத்திலும் காண்டினென்டல் குடும்பத்தின் சி-90 இன்ஜின்தான். நாட்டின் பறக்கும் கழகங்களில் ஒரு தலைமுறை விமானிகள் அதில்தான் பழகினார்கள். பைப்பர் விமானங்களின் கையேடு, பனி இருப்பதாகத் தோன்றினால் மட்டும் சூட்டைப் பயன்படுத்தச் சொல்கிறது. செஸ்னா கையேடோ த்ராட்டிலைக் குறைக்கும் முன்பே போடச் சொல்கிறது. ஒன்றில் பழகி இன்னொன்றுக்கு மாறும் விமானி இந்த வித்தியாசத்தை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹெலிகாப்டர்களின் நிலை இன்னும் நுட்பமானது. விமானம் முழுத் த்ராட்டிலில் மேலேறும். ராபின்சன் ஆர்-22 போன்ற சிறு ஹெலிகாப்டர் தேவையான திறனை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பும். அதன் த்ராட்டில் தகடு பெரும்பாலும் ஓரளவு மூடியே இருக்கும். ஆர்.பி.எம்.மை ஒரு கவர்னர் தானாகவே காப்பதால் பனியின் முதல் அறிகுறியும் மறைந்துவிடும். அதன் கருவிப் பலகையில் கார்ப்பரேட்டர் காற்றின் வெப்பநிலையைக் காட்டும் ஒரு மானி உண்டு. மஞ்சள் வளைவுக்குள் முள் போகாதபடி சூடு கொடுக்க வேண்டும். அதிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மேனிஃபோல்ட் அழுத்தம் 18 அங்குலப் பாதரச அளவுக்குக் கீழே போனால் மானியை நம்பக் கூடாது, முழுச் சூடும் கொடுத்துவிட வேண்டும் என்கிறது தயாரிப்பாளரின் அறிவுரை. திறன் அவ்வளவு குறையும்போது மானியின் உணர்முனை இருக்கும் இடத்தைவிட த்ராட்டில் தகட்டின் விளிம்பு அதிகம் குளிர்ந்திருக்கும். பின்னாளில் வந்த ராபின்சன்களில், ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் கலெக்டிவ் நெம்புகோலை விமானி தாழ்த்தினாலே சூடு தானாகக் கூடும்படி ஓர் இணைப்பைச் சேர்த்தார்கள். எனக்கு இந்தச் சிறு இணைப்பின் மீது பெரிய மரியாதை உண்டு. விமானி மறக்கக்கூடிய ஒன்றை, அவர் மறக்க முடியாத இன்னொன்றோடு அது கட்டிவிட்டது.

எரிபொருளை சிலிண்டருக்கு அருகிலேயே உட்செலுத்தும் இன்ஜின்களில் கார்ப்பரேட்டரும் கிடையாது, அதில் உறையும் பனியும் கிடையாது. 1990களின் நடுவில் செஸ்னா 172இன் உற்பத்தி மறுபடி தொடங்கியபோது அது அத்தகைய இன்ஜினோடுதான் வந்தது. ஆனால் சிறு விமானங்களின் ஆயுள் நீளமானது. 1970களில் செய்த செஸ்னாக்கள் இன்றும் மாணவர்களைச் சுமந்து பறக்கின்றன. இலகு ரக விமானங்களில் பரவலாக உள்ள ரோட்டாக்ஸ் 912 இன்ஜினின் பல வகைகளிலும் இரண்டு கார்ப்பரேட்டர்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் ஊற்றுவது காருக்குப் போடும் பெட்ரோல். அது விமானப் பெட்ரோலைவிட எளிதில் ஆவியாகும் என்பதால் குளிர்ச்சியும் அதிகம், பனியும் அதிகம்.

த்ராட்டில் தகட்டின் அருகே பனி படியத் தொடங்கியதுமே விளக்கெரியச் செய்யும் சிறு உணர்கருவிகள் பல ஆண்டுகளாகவே கடையில் கிடைக்கின்றன. கார்ப்பரேட்டர் வெப்பமானியும் அப்படித்தான். பெரும்பாலான பயிற்சி விமானங்களில் இவை விருப்பப்பட்டால் வாங்கிப் பொருத்திக்கொள்ளும் பொருள்களாகவே நின்றுவிட்டன. தனியாகப் பறக்கும் முதல் நாளில் ஒரு மாணவரின் கவனம் காற்று, ரேடியோ, ஓடுபாதை, முன்னால் போகும் விமானம் என்று நாலாபுறமும் சிதறிக் கிடக்கும். அவருடைய ஆர்.பி.எம். முள் 50 சுற்று இறங்குவதைப் பார்த்துச் சொல்ல பக்கத்து இருக்கையில் யாரும் இருக்கமாட்டார்கள். அந்த விமானத்திலாவது அந்த விளக்கு கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.